பந்தில் தீட்டில்லை, குவளையில் இருந்தது: பால்வங்கர் பாலு

நம் மாவட்டத்தில் கிரிக்கெட் ஆடாத காலனி கிடையாது. வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், கம்பெனிக்காக எடுக்கப்பட்டு இன்னும் சுவர் எழும்பாத மனைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் தெரியும். மூன்று குச்சி, ஒரு டென்னிஸ் பந்து, இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த பையன்கள். இவர்களிடம் டெண்டுல்கரைக் கேட்டால் சொல்வார்கள், தோனியைக் கேட்டால் சொல்வார்கள், அஸ்வினைக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார்கள். பால்வங்கர் பாலு என்றால் யார் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் நாம் அவரைப் படிக்கவில்லை.

அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் என்றொரு பேஸ்பால் வீரர் இருந்தார். கறுப்பர். அந்நாட்டின் பெரிய பேஸ்பால் லீக்குகள் அறுபது ஆண்டுக்கு மேல் கறுப்பர்களைச் சேர்க்காமல் வைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கியபோதுதான் அந்தக் கதவு உடைந்தது. வசவு, மிரட்டல் கடிதம், காலைக் குறிவைத்த மோதல் எல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவே அந்த முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது, இரண்டாண்டு கழித்து லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. எதிரணிக்காரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே கடைசித் தளத்துக்கு ஓடிப் புள்ளியைப் பறிக்கும் துணிச்சலுக்காகவே அவரை இன்றும் பேசுகிறார்கள். அவர் அணிந்த 42ஆம் எண்ணை 1997 முதல் எந்த அணியும் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42 என்று பொறித்த சட்டை போட்டு ஆடுகிறார்கள். நமக்கு அம்பேத்கர் பிறந்தநாள் முடிந்த மறுநாள் அது.

ராபின்சன் பிறந்தது 1919இல். அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே நம் நாட்டில் ஒரு தலித் இளைஞர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவருக்காக யாரும் எந்த எண்ணையும் ஒதுக்கி வைக்கவில்லை.

பாலு பிறந்தது 1870களின் நடுவில், தார்வாரில். அவருடைய முன்னோர் கொங்கணக் கடற்கரைப் பக்கம் பால்வன் என்ற சிற்றூர்க்காரர்கள். பால்வங்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சாதி சமார். செத்த மாட்டை உரித்துத் தோலைப் பதப்படுத்தும் வேலையோடு கட்டிப்போடப்பட்ட சாதி என்றால் நம் வாசகர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைக்காரப் பட்டாளம் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டு வெளியே இழுத்து வந்திருந்தது. அப்பாவுக்குப் பூனாவில் ராணுவத்தைச் சார்ந்த வேலை. அதிகாரிகள் ஆடிவிட்டு வீசியெறிந்த மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினார்கள். பின்னால் விட்டல், கண்பத் என்று இன்னும் இரண்டு தம்பிகள் அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில். ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும். மாதம் 3 ரூபாய். அங்கிருந்து வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். சம்பளம் 4 ரூபாய். ஒரு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று கம்பெனி மாறியவர்தான் அவரும். ஒரகடத்தில் காண்டிராக்ட் மாறிக்கொண்டே இருக்கும் நம் பையன்களுக்கு இது புரியும்.

வலை கட்டுவது, கோடு போடுவது, டென்னிஸ் களத்தைச் சீர்செய்வது என்று போய்க்கொண்டிருந்த வேலைக்கு நடுவே, பயிற்சிக்குப் பந்து போட ஆள் தேவைப்பட்டபோது பாலுவைக் கூப்பிட்டார்கள். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போடுகிறவர். கிரீக் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, தனியாகப் பாலுவைப் பந்துபோடச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. எட்டுத் தடவை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம். இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் வேறெங்கே கிடைத்திருக்கும்? நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராகப் பந்து போட்டுப் போட்டுத்தான் அந்தக் கை பழகியது.

இத்தனைக்கும் அந்தக் கிளப்பில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைகளின் வேலை, பந்து போடுவதும் பொறுக்கிவருவதும் வேலைக்காரன் வேலை. கிரிக்கெட்டுக்குள்ளேயே ஒரு வருணம் இருந்தது என்று நாம் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நம் பக்கத்து ஆட்டங்களில் யார் முதலில் மட்டை பிடிக்கிறார்கள், வெயிலில் எல்லைக் கோட்டருகே யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பூனாவில் இந்துக்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்களை ஒருமுறையாவது தோற்கடிக்க வேண்டும் என்பது அதன் கனவு. அதற்கு ஆள் வேண்டும். ஆள் பக்கத்துத் தெருக் கிளப்பில் உருளை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சமார். சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பார்ப்பன உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள், தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் அவருக்காக நின்றார்கள். கடைசியில் வெற்றி ஆசை ஜெயித்தது. பாலு சேர்க்கப்பட்டார்.

எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடுவார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள், பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு உடைத்தெறியும் மண் குவளையில் வரும். முகம் கழுவ வேண்டுமென்றால் மைதான ஓரத்தில் தீண்டப்படாத வேலையாள் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றுவார். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். தேநீர்க் கடைச் சிரட்டையும் இரட்டைக் குவளையும் நமக்குத் தெரியும். கிரிக்கெட் மைதானத்திலும் அது இருந்தது என்பதுதான் மறைக்கப்பட்ட செய்தி.

அந்தக் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த்தான் அவர் விக்கெட் எடுத்தார். பூனாவில் வெள்ளைக்கார அணிகள் தோற்கத் தொடங்கின. சாதாராவில் துரைகளின் அணியையும் பாலுவின் பந்துவீச்சு வீழ்த்தியது. மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுவில் பாராட்டினார். கூட ஆடலாம் என்றால் கூட உட்கார்ந்து குடிக்கவும் உண்ணவும் வேண்டும் என்று இந்து ஆட்டக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார். சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1890களின் இறுதியில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு இருந்தது, கடந்து வந்தார். பின்னர் ரயில்வே கம்பெனியில் வேலை, அந்தக் கம்பெனி அணியிலும் ஆட்டம். பம்பாயில் சுவர் கொஞ்சம் இளகியது. நாளடைவில் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நிலை வந்தது.

அவருடைய பந்துவீச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலித் வீரர் என்றால் பட்ட துன்பத்தை மட்டும் எழுதிவிட்டுத் திறமையை மறந்துவிடும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது. பாலுவின் பந்து இரண்டு பக்கமும் திரும்பும். ஒரே கையசைவில் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பந்தை உயரத் தூக்கி மட்டையாளரை முன்னால் இழுப்பார், அடுத்ததைக் காலடியிலேயே விழ வைப்பார். விழ வேண்டிய இடம் தவறாது. சோர்வு கிடையாது. ஒரு முனையைக் கொடுத்துவிட்டால் மணிக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பார். ஈரமான ஆடுகளம் கிடைத்தால் எதிரணி அன்றைக்கு வீட்டுக்குப் போகத் தயாராகலாம். மெதுப்பந்து போடுகிறவருக்கு முக்கியமான மூலதனம் பொறுமை. அது அவரிடம் எங்கிருந்து வந்தது என்று நாம் ஆராய வேண்டியதில்லை.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்து அணியும் ஐரோப்பிய அணியும் மோதின. வங்கப் பிரிவினை நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். சுதேசிப் பேச்சு எங்கும் இருந்தது. இந்துக்கள் முதலில் 242 ரன். ஐரோப்பியர் 191. இரண்டாம் இன்னிங்ஸில் இந்துக்கள் 160, ஐரோப்பியர் 102க்குச் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலு முதல் இன்னிங்ஸில் 3, இரண்டாவதில் 5 என்று மொத்தம் 8 விக்கெட் எடுத்தார். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார். ஆளும் இனத்தை ஆளப்பட்டவர்கள் அவர்கள் ஆட்டத்திலேயே வென்றார்கள் என்று நாடே கொண்டாடியது. அந்த வெற்றியைப் பறித்துக் கொடுத்த கை யாருடையது என்பதைச் சீர்திருத்தப் பத்திரிகைகள் மட்டும் எழுதின. சாதியை ஒதுக்கிவைத்து ஆடியதால்தான் வென்றீர்கள், மற்ற துறைகளிலும் அப்படியே செய்யுங்கள் என்று அவை கேட்டன. மற்ற துறைகள் கேட்டதாகத் தெரியவில்லை.

1911இல் முதன்முறையாக எல்லா மதத்தாரும் அடங்கிய இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. மகாராஜா என்பதுதான் தகுதி. சில ஆட்டங்கள் ஆடிவிட்டு அவர் விருந்துகளுக்குப் போய்விட்டார். அணி 23 ஆட்டங்களில் 6இல் மட்டுமே வென்றது. தோல்விகள் நிறைய. ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்தில் பாலு தனியாக எடுத்த விக்கெட்டுகள் 114. சராசரி 18.84. வயதோ முப்பத்தைந்தைச் சுற்றி, போதாக்குறைக்குத் தோளில் வலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன் கொடுத்து 8 விக்கெட். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியா வென்றது, அந்த ஆட்டத்தில் பாலுவுக்கு மட்டும் 11 விக்கெட். சாமர்செட்டை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது சதமடித்தவர் சிவராம். இங்கிலாந்துக் கோடையில், அந்த நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிராக, பூனாவில் உருளை இழுத்தவர் செய்தது இது.

திரும்பி வந்தபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறைத் தலித் இளைஞர்களுக்கு நாடறிந்த முதல் பெயர் அவருடையதுதான். அம்பேத்கர் என்ற இளைஞரும் பாலுவைப் போற்றியவர்களில் ஒருவர். தன் சாதிக்காரன் இல்லை, ஆனால் தன்னைப் போலவே தீண்டப்படாதவன், துரைகள் எல்லோரும் கைதட்டும் இடத்தில் நிற்கிறான் என்பது ஒரு மகர் மாணவனுக்கு என்ன கொடுத்திருக்கும் என்று நம் மாணவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

பம்பாயில் ஆண்டுதோறும் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், 1912 முதல் முஸ்லிம்கள் என்று நான்கு அணிகள் மோதும் போட்டி நாட்டின் மிகப் பெரிய கிரிக்கெட் விழாவாக இருந்தது. இந்து அணிக்கு மிக மூத்த வீரர், மிகச் சிறந்த வீரர், ஆட்டத்தை நன்றாகப் படித்தவர் பாலு. கேப்டன் பதவி? அது மட்டும் வராது. பந்து போடச் சொல்லலாம், கட்டளையிடச் சொல்ல முடியாது. பார்ப்பனர்கள் நிற்கும் இடத்தைச் சமார் ஒருவர் கைநீட்டிக் காட்டி மாற்றச் சொல்வதா? பாய் என்பவர் கேப்டனாக்கப்பட்டார். அவர் நேர்மையான மனிதர். தனக்குக் கொடுத்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பதவி பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதற்கு மறுப்பில்லை, பலனும் இல்லை.

1920இல் ஒரு படி மேலே போய்ப் பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வயது நாற்பத்து நான்கைத் தாண்டிவிட்டதே என்று சிலர் நியாயம் சொல்லக்கூடும். சரி, வயதாகாத விட்டலையாவது கேப்டனாக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. அப்போதுதான் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். வெறுமனே விலகவில்லை. திறமையையும் மூப்பையும் தள்ளிவிட்டுச் சாதியைப் பார்த்துத் தேர்வு நடக்கிறது என்று ஊரறிய அறிக்கை விட்டார்கள். கிரிக்கெட்டில் நடந்த முதல் சாதி எதிர்ப்பு வேலைநிறுத்தம் என்றே இதைச் சொல்லலாம் என்பது நம் கருத்து. மக்கள் கருத்து தம்பிகள் பக்கம் சாய்ந்தது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்குப் பாய் கேப்டனாகத் திரும்பினார், பாலு துணைக் கேப்டனாக அழைக்கப்பட்டார், தம்பிகள் அணிக்கு வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் களத்தைவிட்டு வெளியே போய் நின்றுகொள்ள, அந்த நேரத்துக்குப் பாலு அணியை நடத்தினார். கால் நூற்றாண்டு ஆடியவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பி வாங்கினார். 1923இல் விட்டல் இந்து அணிக் கேப்டனானார். அந்த ஆண்டே இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியர்களைத் தோற்கடித்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்து விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டது. தூக்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் தெருக்குழாயில் ஒரு சமாரைத் தண்ணீர் பிடிக்க விட்டிருப்பார்கள் என்ற கேள்வி நமக்கு எழாமல் இல்லை. ஆனாலும் அந்தத் தோள்கள் தூக்கின. அதையும் எழுத வேண்டும். விட்டல் பின்னாளில் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் எழுதி வைத்தார். அந்தக் குடும்பத்தின் கதை நமக்குக் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

பாலுவின் பிற்காலம் நமக்குச் சங்கடம் தருவது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினால் வாசிக்க இனிமையாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. அவர் காந்தியையும் காங்கிரஸையும் நம்பினார். சாதி இந்துக்களோடு சேர்ந்து ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்தவர், நாடும் அப்படியே மாறும் என்று நினைத்தார் போலும். 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையிலிருந்த காந்தியின் உண்ணாவிரதத்தை முடிக்கக் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரின் கையெழுத்தும் உண்டு, பாலுவின் கையெழுத்தும் உண்டு. அதே தாளில் எம்.சி. ராஜாவும், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தலித் அரசியலின் பெரிய திருப்பம் ஒன்றில் நம் மண்ணின் பெயரும் அந்தப் பந்துவீச்சாளரின் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இந்து மதத்தைவிட்டு வெளியேறப்போவதாக அம்பேத்கர் 1935இல் அறிவித்ததைப் பாலு ஏற்கவில்லை. 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கரை வீழ்த்த ஆள் தேடியது. யாரை நிறுத்தினால் தலித் வாக்கு பிரியும் என்று கணக்குப் போட்டு, பாலுவை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலு 11,225. இரண்டாயிரம் வாக்கில் அம்பேத்கர் வென்றார். இளமையில் தான் கைதட்டிய வீரரை எதிர்த்தே ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. கேப்டன் பதவி கொடுக்க மறுத்தவர்கள், அம்பேத்கரை எதிர்க்க மட்டும் பாலுவை முன்னால் நிறுத்தினார்கள் என்று சொன்னால் கிளப்பும் கட்சியும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றில்லைதான். ஆனால் நம் ஆட்களை எப்போது முன்னால் தள்ளுவார்கள், எப்போது பின்னால் இழுப்பார்கள் என்பதைத் தனித்தொகுதிகளில் வாக்களிக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகப் பாலுவைத் துரோகி என்று ஒதுக்கிவிடும் அவசரம் நமக்குக் கிடையாது. அவர் நம்பியதை அவர் செய்தார். வாக்காளர்கள் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் வரலாறு.

இவர் பெயர் ஏன் காணாமல் போனது? ஒரு காரணம் எளிமையானது. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932 ஜூனில், லார்ட்ஸில். பாலுவுக்கு அப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. டெஸ்ட் பட்டியலிலிருந்துதான் நம் ஆட்கள் கிரிக்கெட் வரலாற்றைத் தொடங்குகிறார்கள், அதனால் அவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. இந்தக் காரணம் மட்டும் போதாது. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாத, இங்கிலாந்துக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜி என்ற அரசகுமாரரின் பெயரில்தான் நாட்டின் முதன்மைக் கோப்பை இருக்கிறது. அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் 1911இல் கேப்டனாகப் போய்விட்டுப் பாதியில் விருந்துக்குப் போன அதே பாட்டியாலா மகாராஜா. துலீப் கோப்பை ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன் பெயரில். அரண்மனைக்காரர்களுக்குக் கோப்பை கிடைத்தது.

பாலுவை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாற்றை 2002இல் வெளியான தன் நூலில் எழுதியபோது, மறைந்து கிடந்த பழைய செய்தித்தாள்களிலிருந்து இந்தச் சகோதரர்களைத் தோண்டி எடுத்தார். பள்ளியில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி என்று தலைப்புத் தேடும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜாக்கி ராபின்சனின் டாட்ஜர்ஸ் அணி முதன்முறையாக உலகத் தொடர் கோப்பையை வென்றது. பாலுவின் முதல்தரக் கிரிக்கெட் கணக்கு இன்றும் பதிவேட்டில் இருக்கிறது: 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. கேப்டனாக ஆடிய ஆட்டங்கள் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.